ஓபேராகப் போவதற்கு முன் அந்தக் குடும்பத்திடம் கேட்க வேண்டியவை

கேள்வியைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: கேட்பவருக்கு 22 வயது. பட்டப்படிப்பு முடிந்துவிட்டது. ஒரு வருடம் வெளிநாட்டில் ஒரு குடும்பத்தோடு ஓபேராகத் தங்கி, அவர்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, மொழியும் கற்றுக்கொண்டு வரலாம் என்று ஆசை. ஒரு குடும்பம் வீடியோ காலில் பேசியும் ஆயிற்று. "நீ எங்கள் குடும்பத்தில் ஒருத்தியாகவே இருப்பாய்" என்கிறார்கள். நம்பிப் போகலாமா, என்னவெல்லாம் கவனிக்க வேண்டும்?

போகலாம். நானும் ஒரு காலத்தில் ஜெர்மனியில் ஓபேராக இருந்தவள்தான். அதற்குப் பிறகு அங்கே வந்த பல பெண்களுக்கும் சில பையன்களுக்கும் ஒப்பந்தம் படிப்பதிலிருந்து வீடு மாறுவது வரை உதவியிருக்கிறேன். நல்லபடியாக அமைந்தால் இதுபோல ஒரு வருடம் வேறு எந்த வழியிலும் கிடைக்காது. ஆனால் "குடும்பத்தில் ஒருத்தி" என்ற அந்த வாக்கியத்தைக் கேட்டதும் மனம் இளகிவிடக் கூடாது. அதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் உண்மையாகத்தான் சொல்கிறார்கள், பொய் இல்லை. சிக்கல் என்னவென்றால், குடும்பத்தில் ஒருத்திக்கு வேலை நேரம் என்று ஒன்று கிடையாது. நான் பார்த்த பெரும்பாலான சண்டைகளில் கெட்ட மனிதர்கள் யாரும் இல்லை. எத்தனை மணி நேரம் என்று யாருமே எண்ணாததுதான் பிரச்சினையாக இருந்தது.

இந்த ஏற்பாட்டின் அடித்தளமே அப்படித்தான் அமைந்திருக்கிறது. ஐரோப்பிய கவுன்சில் 1969 நவம்பரில் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓபேர் பற்றி ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. ஓபேர் என்பவர் முழுக்க மாணவரும் இல்லை, முழுக்கத் தொழிலாளியும் இல்லை, இரண்டின் தன்மையும் கொண்ட தனி வகை என்று வைத்தார்கள். 17 முதல் 30 வயது வரை, நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை இல்லை, வாரத்துக்கு ஒரு முழு நாள் விடுமுறை என்பதெல்லாம் அதில் இருந்தது. அதை ஏற்றுக் கையெழுத்திட்ட நாடுகள் கொஞ்சம்தான். ஆனால் பின்னால் ஒவ்வொரு நாடும் தனக்கென்று எழுதிக்கொண்ட விதிகளில் அதன் சாயலைப் பார்க்கலாம்.

ஜெர்மனியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஓபேருக்குக் கொடுப்பது சம்பளம் இல்லை, கைச்செலவுப் பணம். மாதம் 280 யூரோ. அதோடு மொழி வகுப்புக்கு மாதம் 70 யூரோ வரை, காப்பீடு, தங்கும் அறை, சாப்பாடு ஆகியவை குடும்பத்தின் பொறுப்பு. வேலை வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, நாளுக்குப் பொதுவாக 6 மணி நேரம். இரவில் பெற்றோர் வெளியே போகும்போது குழந்தைகளோடு வீட்டில் இருப்பதும் அந்த 30 மணி நேரத்துக்குள் சேர்த்திதான். வாரத்துக்கு ஒன்றரை நாள் விடுமுறை, நான்கு மாலைகளாவது உங்களுடையது. விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது 27 வயது ஆகியிருக்கக் கூடாது, ஜெர்மன் மொழியில் ஏ1 அளவு, அதாவது தொடக்க நிலை, தெரிந்திருக்க வேண்டும். அந்த வீட்டில் பேசும் மொழி ஜெர்மனாக இருக்க வேண்டும். சொந்தக்காரர் வீட்டுக்கு ஓபேராகப் போக முடியாது. அங்கே இருக்கும் உங்கள் நாட்டுக் குடும்பத்துக்குப் போகலாம் என்ற யோசனையும் சரிவராது, மொழியும் பண்பாடும் கற்பதற்குத்தானே அந்த விசா. குறைந்தது 6 மாதம், அதிகம் போனால் ஒரு வருடம். அப்புறம் இன்னொரு முறை அங்கே ஓபேராகப் போக முடியாது.

அமெரிக்காவில் கதை வேறு. 1986இல் தொடங்கிய திட்டம் அது. பரிமாற்றத் திட்டங்களில் வருகிறவர்களுக்கான ஜே-1 விசா, வெளியுறவுத் துறை அனுமதித்த ஏஜென்சி வழியாக மட்டும்தான் போக முடியும். வாரத்துக்கு 45 மணி நேரம் வரை, நாளுக்கு 10 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். வாரத்துக்குக் குறைந்தபட்சம் 195.75 டாலர் என்று ஒரு விநோதமான எண்ணைப் பார்ப்பீர்கள். அது எங்கிருந்து வந்தது தெரியுமா? மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலியான 7.25 டாலரை 45ஆல் பெருக்கி, அதில் 40 சதவீதத்தை அறைக்கும் சாப்பாட்டுக்கும் என்று கழித்தால் மிச்சம் அதுதான். அதாவது, பெயரில் கலாச்சாரப் பரிமாற்றம், கணக்கில் கூலி. 2019 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநில வழக்கு ஒன்றில் அங்குள்ள மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஓபேர்களுக்கும் பொருந்தும் என்று சொன்னது. ஆக, இது வேலையா, விருந்தாளி வாழ்க்கையா என்பதில் அரசுகளுக்கே தெளிவு இல்லை. அந்தத் தெளிவை நீங்களும் அந்தக் குடும்பமும் உட்கார்ந்து பேசி உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பிரான்ஸில் வாரத்துக்கு 25 மணி நேரம்தான். நெதர்லாந்தில் 30, அங்கீகாரம் பெற்ற ஏஜென்சி இல்லாமல் முடியாது. ஒவ்வொரு நாட்டுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்த நாட்டுத் தூதரகத்தின் பக்கத்தில் இருப்பதைத்தான் கடைசியாக நம்ப வேண்டும், நான் சொல்வதை அல்ல.

சரி, மணிக்கணக்கு எப்படி நழுவிப்போகிறது என்று பார்ப்போம். ஜெர்மனியில் இரண்டு குழந்தைகள் உள்ள ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை 6.45க்கு எழுப்பி, சாப்பாடு கொடுத்து, 8 மணிக்குள் பள்ளியில் விடுகிறீர்கள். மாலை 3 மணிக்கு அழைத்து வந்து 6.30 வரை பார்த்துக்கொள்கிறீர்கள். நாளுக்கு நாலேமுக்கால் மணி நேரம், ஐந்து நாளில் இருபத்து மூன்றேமுக்கால். சனிக்கிழமை இரவு 7.30லிருந்து 11 வரை பெற்றோர் வெளியே போகிறார்கள், அது மூன்றரை. மொத்தம் இருபத்தேழேகால். நியாயமான வாரம். இதில் புதன்கிழமை இரவு இன்னொரு முறை அதே மூன்றரை மணி நேரம் சேரட்டும். வாரம் 30ஐத் தாண்டிவிட்டது. அந்தப் புதன்கிழமை மட்டும் எட்டேகால் மணி நேரம் ஆகிவிட்டது. "குழந்தைகள் தூங்கத்தானே போகின்றன, நீ உன் அறையில் படம் பார்த்துக்கொண்டிரு" என்று அவர்கள் சொல்வார்கள். மனதார, நல்லெண்ணத்தோடுதான் சொல்வார்கள். ஆனால் நீங்கள் வெளியே போக முடியாது, குழந்தை அழுதால் எழுந்து போக வேண்டும், பேபி மானிட்டர் உங்கள் மேசைமேல் இருக்கிறது. அது வேலை நேரம்.

வீட்டிலிருந்தே வேலை செய்யும் பெற்றோர் இருந்தால் நழுவல் இன்னும் நுட்பமானது. அம்மா மாடியில் மீட்டிங்கில் இருக்கிறார், குழந்தை கீழே உங்களோடு. மீட்டிங் முடிந்து அவர் வந்து குழந்தையைத் தூக்கிக்கொள்கிறார். உங்கள் வேலை முடிந்ததா? பத்து நிமிடத்தில் அவர் திரும்ப மாடிக்குப் போகிறார். இப்படி மாலை முழுக்க நீங்கள் வேலையில் இருக்கிறீர்களா இல்லையா என்று தெரியாத நிலை. குழந்தைக்கும் குழப்பம். அம்மா வீட்டில் இருக்கிறார் என்று தெரிந்தால் எந்தக் குழந்தை உங்கள் பேச்சைக் கேட்கும்? இந்த மாதிரி வீடுகளில் ஒரே ஓர் ஏற்பாடுதான் வேலைக்கு ஆகும்: "3 மணி முதல் 6.30 வரை பொறுப்பு ஓபேருடையது, அந்த நேரத்தில் அம்மா அப்பா கீழே வந்தாலும் குழந்தையை அவளிடம்தான் அனுப்புவோம்" என்று பெற்றோர் குழந்தையிடமே சொல்லிவிட வேண்டும்.

ஆகவே, அடுத்த வீடியோ காலில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் விஷயம்: "சென்ற வாரம் திங்கள் முதல் ஞாயிறு வரை உங்கள் வீட்டில் குழந்தைகளை எந்தெந்த நேரம் யார் பார்த்துக்கொண்டார்கள் என்று சொல்ல முடியுமா?" வருங்கால அட்டவணையைக் கேட்காதீர்கள், நடந்து முடிந்த வாரத்தைக் கேளுங்கள். வருங்காலம் எப்போதும் அழகாக இருக்கும். போன வாரத்தைச் சொல்லும்போதுதான் செவ்வாய்க்கிழமை அப்பா ஊரில் இல்லை, வியாழக்கிழமை பாட்டி வந்தார், வெள்ளிக்கிழமை யாரும் இல்லாமல் திண்டாடினோம் என்பதெல்லாம் வெளியே வரும். அந்த வெள்ளிக்கிழமைக்குத்தான் உங்களைக் கூப்பிடுகிறார்கள். சலிப்பூட்டும் அளவுக்கு விவரமாகச் சொல்லும் குடும்பத்தின் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம். "அதெல்லாம் நீ வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கிற குடும்பம் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் நான் தயங்குவேன்.

அதைவிடவும் பயனுள்ளது, முன்பு அந்த வீட்டில் இருந்த ஓபேரிடம் பேசுவது. குடும்பத்தோடு மூன்று முறை பேசுவதைவிட அந்தப் பெண்ணோடு அரை மணி நேரம் பேசுவது மேல் என்பேன். எண் கொடுக்க மறுத்தால் காரணம் கேளுங்கள். கொடுத்தால், "நல்ல குடும்பமா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "ஞாயிற்றுக்கிழமை காலை நீங்கள் என்ன செய்வீர்கள்?", "உடம்பு சரியில்லாதபோது யார் குழந்தையைப் பார்த்தார்கள்?", "ஒப்பந்தக் காலம் முடியும்வரை இருந்தீர்களா?" என்று கேளுங்கள். பதிலுக்கு முன்னால் வரும் தயக்கமே உங்களுக்குப் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். நீங்கள்தான் அவர்களுடைய முதல் ஓபேர் என்றால், கேட்க ஆள் இல்லை. அது குறை இல்லை, ஆனால் அப்படிப்பட்ட வீட்டில் எல்லாவற்றையும் எழுத்தில் வைத்துக்கொள்வது இரண்டு மடங்கு முக்கியம்.

வீட்டு வேலை பற்றி. ஒப்பந்தங்களில் "இலகுவான வீட்டு வேலை" என்று இருக்கும். ரப்பர் மாதிரி இழுக்கக்கூடிய சொல் இது. அமெரிக்க விதிப்படி குழந்தைகள் சம்பந்தப்பட்டது மட்டும்தான்: அவர்கள் துணி, அவர்கள் அறை, அவர்கள் சாப்பாடு. ஜெர்மனியில் கொஞ்சம் விரிவு. பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் எடுத்து வைப்பது, தூசி உறிஞ்சியால் கூடத்தைச் சுத்தம் செய்வது, கடைக்குப் போய் வருவது வரை பொதுவாக எதிர்பார்ப்பார்கள். ஜன்னல் கண்ணாடி துடைப்பது, வாரம் ஒரு முறை முழு வீட்டையும் கழுவுவது எல்லாம் ஓபேர் வேலை இல்லை. அதற்கு அந்த ஊர்களில் தனியே ஆள் வைத்துக்கொள்வார்கள். நீங்கள் சாப்பிட்ட தட்டை நீங்கள் கழுவுவதும் உங்கள் அறையை நீங்கள் சுத்தமாக வைப்பதும் வேலைக் கணக்கில் வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதையும் மணிக்கணக்கில் சேர்க்கப் பார்த்த ஒருவரை எனக்குத் தெரியும், அந்தக் குடும்பம் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது.

குழந்தைகளின் வயதைப் பொறுத்து வேலையே வேறாகிவிடும். கைக்குழந்தை என்றால் உடல் உழைப்பும் தூக்கமும்தான் பிரச்சினை; பேச்சுத் துணை இருக்காது, மொழி கற்பதும் குறைவு. அமெரிக்காவில் மூன்று மாதத்துக்குக் குறைவான குழந்தையிடம் ஓபேரைத் தனியே விடக் கூடாது. இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தை இருந்தால், அந்த வயதுக் குழந்தைகளை 200 மணி நேரம் பார்த்துக்கொண்ட அனுபவத்தைக் காட்ட வேண்டும். மூன்று முதல் ஆறு வயது வரை உள்ள குழந்தைகள்தான் மொழிக்குச் சிறந்த வாத்தியார்கள். நீங்கள் தப்பாகப் பேசினால் தயங்காமல் சிரித்துத் திருத்துவார்கள். ஒரே கதைப் புத்தகத்தைப் பத்து நாள் தொடர்ந்து படிக்கச் சொல்வார்கள். அப்படித்தான் வாக்கியங்கள் நாக்கில் ஒட்டும். பத்து வயதுக்கு மேல் என்றால் நேரம் குறைவு, ஆனால் வீட்டுப்பாடம், செல்போன், "நீ யார் எனக்குச் சொல்ல?" என்ற பேச்சு எல்லாம் உண்டு.

முதல் இரண்டு மூன்று வாரம் குழந்தை உங்களை ஒதுக்கும். குறிப்பாக முன்பு இருந்த ஓபேர் மேல் பாசமாக இருந்த குழந்தை. புதிதாக வந்தவளிடம் ஒட்டிக்கொண்டால் இவளும் ஒரு நாள் போய்விடுவாள் என்று அதற்குத் தெரியும். கட்டிப்பிடித்து, சாக்லேட் கொடுத்து வழிக்குக் கொண்டுவரப் பார்க்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் பாட்டுக்கு ஏதாவது வரைந்துகொண்டோ கட்டிக்கொண்டோ இருங்கள்; வரும். பெற்றோரிடம் மட்டும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: எவ்வளவு நேரம் திரை பார்க்கலாம், இனிப்பு எப்போது, அடித்தால் கடித்தால் என்ன செய்வது, எது கண்டிப்பாகக் கூடாது. குழந்தையை அடிப்பது ஜெர்மனியில் 2000 முதல் பெற்றோருக்கே சட்டப்படி கூடாது. உங்களுக்குக் கை ஓங்கக்கூட இடமில்லை. கோபம் தலைக்கேறினால் குழந்தை பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த அறைக்குப் போய் இரண்டு நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். இதைப் பெற்றோரிடம் சொல்வதிலும் வெட்கம் வேண்டாம், அவர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

வேலை செய்யும் இடமும் தூங்கும் இடமும் ஒன்று என்பதுதான் இந்த வாழ்க்கையின் ஆகக் கஷ்டமான பகுதி. அலுவலகத்தில் மேலாளரோடு மனக்கசப்பு என்றால் மாலையில் வீட்டுக்குப் போய்விடலாம். இங்கே மாலையில் அவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதனால்தான் அறை முக்கியம். தனி அறை, ஜன்னல், குளிர்காலத்தில் வெப்பம், உள்ளிருந்து தாழ் போட வசதி. வீடியோ காலில் அறையைக் காட்டச் சொல்வதில் தப்பே இல்லை. உங்கள் ஓய்வு நேரத்தில் குழந்தைகள் கதவைத் தட்டாமல் வரக் கூடாது என்பதை முதல் வாரத்திலேயே பேசி முடிவு செய்யுங்கள். மூன்றாவது மாதம் சொன்னால் குழந்தைகளைப் பிடிக்காமல் போய்விட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். வீட்டுக்குள் கேமரா இருக்கிறதா, எங்கே என்றும் கேளுங்கள். குழந்தைகள் அறையில் இருக்கலாம். உங்கள் அறையிலும் குளியலறையிலும் இருக்கக் கூடாது என்பது பேச்சுக்கே இடமில்லாத விஷயம்.

ஓய்வு நாளில் வெளியே போங்கள். மழையோ பனியோ, பரவாயில்லை. வீட்டிலேயே இருந்தால் குழந்தை உங்களிடம் வரும், நீங்கள் விளையாடுவீர்கள், அம்மா அந்த நேரத்தில் வேறு வேலை பார்ப்பார், ஓய்வு நாள் காணாமல் போய்விடும். யாரையும் குறை சொல்ல முடியாது. மொழி வகுப்பு இதற்கும் உதவும். அங்கேதான் மற்ற ஓபேர்கள் கிடைப்பார்கள். பக்கத்து வீடுகளில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் உங்கள் வீட்டில் நடப்பது சாதாரணமா இல்லையா என்பது புரியும். வகுப்புக்குப் போக முடியாதபடி அட்டவணை போட்டால், அதை முதல் மாதத்திலேயே எதிர்த்துப் பேசுங்கள். மற்ற எல்லாவற்றிலும் விட்டுக்கொடுத்தாலும் இதில் கொடுக்காதீர்கள்.

விடுமுறைப் பயணம் தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று. "எங்களோடு கடற்கரைக்கு வா, செலவெல்லாம் எங்களுடையது" என்பார்கள். ஆசையாக இருக்கும். ஒரு வாரம் கழித்துத் திரும்பும்போது உங்கள் வருடாந்திர விடுப்பில் ஒரு வாரத்தைக் கழித்திருப்பார்கள், நீங்களோ அந்த வாரம் முழுக்க மணலில் குழந்தைக்குப் பின்னால் ஓடியிருப்பீர்கள். போவதற்கு முன் ஒரே கேள்வி: அங்கே குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? நீங்கள் என்றால் அது வேலை, விடுப்பு அல்ல. ஜெர்மனியில் ஒரு வருட ஒப்பந்தத்துக்கு நான்கு வாரம் விடுப்பு, அமெரிக்காவில் இரண்டு வாரம்.

வந்த நாளிலிருந்து செய்த நேரத்தை ஒரு சிறு நோட்டில் எழுதி வையுங்கள். தொடங்கிய நேரம், முடித்த நேரம், அவ்வளவு போதும். சண்டைக்கு இல்லை. ஞாயிறு இரவு குழந்தைகள் தூங்கிய பிறகு பதினைந்து நிமிடம் பெற்றோரோடு உட்கார்ந்து அடுத்த வாரத்தைப் பேசும் பழக்கம் வைத்துக்கொண்டால், அந்த நோட்டு கையில் இருப்பது உதவும். "போன வாரம் 33 மணி நேரம் ஆகிவிட்டது. இந்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை எனக்குக் கொடுத்துவிட முடியுமா?" என்று எண்ணோடு கேட்டால் யாருக்கும் முகம் சுளிக்காது. "எப்போதும் நான்தான் பார்க்கிறேன்" என்று கேட்டால் சண்டைதான். உண்மையிலேயே எத்தனையோ பெற்றோர் நோட்டைப் பார்த்து அதிர்ந்து மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் எண்ணியிருக்கவே இல்லை.

காரைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். குழந்தைகளைக் காரில் கூட்டிப்போக வேண்டுமா, உங்கள் ஓட்டுநர் உரிமம் அங்கே செல்லுமா, எத்தனை மாதம் செல்லும், இடித்துவிட்டால் காப்பீடு போக மிச்சம் யார் தலையில். கடைசியாகச் சொன்னதை எழுத்தில் வாங்குங்கள். ஒரு சிறு கீறலுக்கு இரண்டு மாதக் கைச்செலவுப் பணம் போன கதை அபூர்வம் இல்லை.

இனி ஏமாற்று வேலைகள். இணையத்தில் நேரடியாகக் குடும்பம் தேடும் தளங்களில் போலிக் குடும்பங்கள் ஏராளம். அடையாளம் காண்பது கஷ்டமில்லை. கைச்செலவுப் பணம் வழக்கத்தைவிட மூன்று நான்கு மடங்கு இருக்கும். வீடியோ கால் என்றால் எப்போதும் கேமரா பழுது. இரண்டாவது கடிதத்திலேயே வக்கீல் அல்லது பயண முகவர் ஒருவர் வருவார். விசாவுக்கு அவருக்குப் பணம் அனுப்பச் சொல்வார், குடும்பம் அப்புறம் திருப்பித் தரும் என்பார். விசாக் கட்டணத்தை நீங்கள் தூதரகத்திலோ அதன் அங்கீகரிக்கப்பட்ட மையத்திலோதான் கட்டுவீர்கள், வேறு யாரிடமும் இல்லை. இன்னொரு நல்ல சோதனை: இங்கிலாந்துக் குடும்பம் உங்களுக்கு ஓபேர் விசா எடுத்துத் தருகிறேன் என்றால் அது பொய். அங்கே அந்த விசா வகை 2008 நவம்பரிலேயே மூடப்பட்டுவிட்டது. நார்வேயும் 2024 மார்ச்சில் தன் ஓபேர் அனுமதியை நிறுத்திவிட்டது. ஏஜென்சி வழியாகப் போனாலும் கணக்குப் பாருங்கள். ஜெர்மனியில் ஓர் ஏஜென்சி ஓபேரிடமிருந்து 150 யூரோவுக்கு மேல் வாங்கக் கூடாது. ஆயிரக்கணக்கில் கேட்பவர் ஓபேர் ஏஜென்சி இல்லை, ஆள் அனுப்பும் தரகர்.

முறைகேடுகள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். பிலிப்பைன்ஸ் அரசு 1998இல் தன் நாட்டுப் பெண்கள் ஐரோப்பாவுக்கு ஓபேராகப் போவதையே தடை செய்தது. வீட்டு வேலைக்காரிகளாக நடத்துகிறார்கள் என்ற புகார்கள்தான் காரணம். 2012இல்தான் அந்தத் தடை முழுவதும் விலகியது. இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள், பணத்தை உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்குப் பின்னால் இத்தனை வருட அனுபவம் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். "பத்திரமாக லாக்கரில் வைக்கிறோம்" என்றாலும் வேண்டாம். அந்த நாட்டில் உள்ள உங்கள் தூதரகத்தின் எண், ஏஜென்சியின் எண், ஐரோப்பாவில் 112 அல்லது அமெரிக்காவில் 911, இவை செல்போனில் மட்டுமல்லாமல் ஒரு தாளிலும் இருக்கட்டும்.

ஒத்துவரவில்லை என்றால்? வெளியேறுவது அவமானம் இல்லை. ஜெர்மனியில் வழக்கமாக ஒப்பந்தத்தில் இரண்டு வார அறிவிப்புக் காலம் இருக்கும்; அதற்குள் வேறு குடும்பம் தேடலாம், ஆனால் குடியேற்ற அலுவலகத்துக்குத் தெரிவித்துத்தான் மாற வேண்டும், ஓசைப்படாமல் மாறினால் விசாவுக்கு ஆபத்து. அமெரிக்காவில் இதற்கு ரீமேட்ச் என்று பெயர். ஏஜென்சியின் உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் மூலம் நடக்கும். அந்த ஒருங்கிணைப்பாளர் மாதம் ஒரு முறையாவது உங்களோடு தொடர்பில் இருக்க வேண்டும் என்பது விதி. "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று ஒவ்வொரு மாதமும் சொல்லிவிட்டு ஐந்தாவது மாதம் அழுதுகொண்டு போன் செய்தால் அவராலும் அதிகம் செய்ய முடியாது. சிறிய விஷயமாக இருக்கும்போதே சொல்லி வையுங்கள். உயிர், உடல் பாதுகாப்பு சம்பந்தமான எதுவாக இருந்தாலும் அறிவிப்புக் காலமெல்லாம் பார்க்க வேண்டியதில்லை, அன்றே வெளியே வாருங்கள்.

பணத்தில் சேமிப்பு எதிர்பார்க்காதீர்கள். மாதம் 280 யூரோவில் செல்போன், நண்பர்களோடு ஒரு காபி, எப்போதாவது ரயில் பயணம் என்றால் கையில் ஒன்றும் நிற்காது. ஜெர்மனிக்குப் போவதற்கான விமானச் செலவும் பெரும்பாலும் உங்களுடையதுதான். கடன் வாங்கிப் போகிறீர்கள் என்றால் அந்தக் கடனை ஓபேர் பணத்தில் அடைக்க முடியாது. வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய கட்டாயம் இருப்பவர்களிடம் இந்த வழி வேண்டாம் என்றே நான் வெளிப்படையாகச் சொல்லிவிடுவேன். அமெரிக்காவில் கையில் கொஞ்சம் நிற்கும், ஆனால் அந்தத் தொகைக்கு வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும் என்பதைப் பலர் கடைசியில்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

பிறகு என்ன என்பதையும் போகும் முன்பே யோசித்து வையுங்கள். ஜெர்மனியில் ஓபேர் வருடம் முடிந்ததும் ஒரு வருடத் தன்னார்வச் சேவைக்கோ, தொழிற்பயிற்சிக்கோ போகிறவர்கள் நிறைய. தொழிற்பயிற்சிக்குப் பொதுவாக பி1 அளவு (இடைநிலை) மொழி தேவைப்படும், செவிலியர் போன்ற துறைகளில் அதற்கும் ஒரு படி மேலான பி2 வரை கேட்பார்கள். ஏ1இல் வந்தவர் வருட முடிவில் பி1 தேர்வு எழுத வேண்டுமானால் இரண்டாவது மாதத்திலிருந்தே வகுப்பு ஓட வேண்டும். அந்த விண்ணப்பங்களுக்கு ஒப்பந்தம் முடிய நான்கைந்து மாதம் இருக்கும்போதே தயாராகத் தொடங்குங்கள். குடும்பத்திடம் நற்சான்றுக் கடிதத்தையும் கடைசி நாள்வரை தள்ளிப்போடாமல் ஒரு மாதம் முன்பே கேட்டுவிடுங்கள். குழந்தைகளின் வயது, நீங்கள் பார்த்த பொறுப்புகள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். "எங்கள் குடும்பத்தில் ஒருத்தி" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் எந்த அலுவலகத்திலும் அது செல்லாது.